சித்தராஜு கடை வாசலில் விழுந்த மாவுப் பேய்

அன்பு மகள் செல்தோனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் அவரவர் மூட்டுவலியோடு நலமாகவே இருக்கிறோம். நீயும் அந்தப் பனியில் சளி பிடிக்காமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கட்டைவிரல் மட்டும் ரொம்ப நலமாக இருக்கிறது என்பது உலகத்துக்கே தெரிந்துவிட்டது, அதற்காக நான் தனியாக விளக்கேற்ற வேண்டியதில்லை.

போனில் சொல்லாமல் காகிதத்தில் ஏன் எழுதுகிறாள் இந்தக் கிழவி என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ அழுகிறாய், அழுது முடித்ததும் எங்கள் இருவரையும் அங்கே கூட்டிக்கொள்ள டிக்கெட் போடுகிறேன் என்கிறாய், நான் வேண்டாம் என்றால் சிக்னல் சரியில்லை என்கிறாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. டொரண்டோ கிளம்பும் பக்கத்துத் தெருப் பையன் கையில் ஒரு டப்பா கப்ஸேயோடு இதைக் கொடுத்தனுப்புகிறேன். கப்ஸே பாதிக்கு மேல் உடைந்துதான் வரும், பொரித்த பலகாரத்துக்கு விமானம் ஒத்துக்கொள்ளாது. டீ போட்டு உட்கார்ந்துகொள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நீ எழுதியபடி அல்ல.

இந்த வருஷம் நம் திபெத்தியர் கேம்பில் லோசர் புது வருஷத்துக்கு ஆள் பஞ்சம். பிள்ளைகள் எல்லாம் கனடாவிலும் பாரிஸிலும் பட்டுச் சுப்பா உடுத்திப் புது வருஷம் கொண்டாடிப் படம் போடுகிறீர்கள், படத்தில் உங்கள் பலகார அடுக்கு எங்களுடையதைவிட உயரமாக இருக்கிறது. இங்கே அடுக்கை உயர்த்த ஆசையிருந்தாலும் தின்ன ஆளில்லை. ஹூப்ளிக்கு ஸ்வெட்டர் விற்கப் போனவர்கள் கடைசி வாரத்தில் வந்து சேர்ந்தார்கள், வந்ததும் களைப்பு தீரப் படுத்துவிட்டார்கள். நம் கேம்ப் லீடர் க்யுர்மே மட்டும் வழக்கம்போல் சுறுசுறுப்பு. ஒரு தடவை ஜெனீவாவில் ஏதோ கூட்டத்துக்குப் போய் வந்ததிலிருந்து அங்கே வாங்கிய கோட்டை அவர் கழற்றுவதே இல்லை, இந்த வெயிலிலும். புது வருஷ விழாவுக்கு அழைப்பிதழ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தார். மொத்தமிருக்கிற கிழங்கட்டைகளும் விழாக்குழுவில் இருக்கிறோம், எங்களுக்கு நாங்களே அழைப்பு வைத்துக்கொண்டோம்.

பழைய வருஷத்தின் கடைசி மாதம் இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் வழக்கம்போல் மாவுருண்டைக் கஞ்சி காய்ச்சினேன். நீ மறந்திருப்பாய் என்பதால் சொல்கிறேன், உருண்டைக்குள் மிளகாய் வந்தால் வாயாடி, உப்பு வந்தால் சோம்பேறி, கரி வந்தால் கறுத்த மனசு, கம்பளி நூல் வந்தால் தங்கமான குணம். நிறையப் பேர் இருக்கும் வீட்டில் அது விளையாட்டு. இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒருவர் உருண்டையை மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தால் அது கோர்ட்டு மாதிரி இருக்கிறது. உன் அப்பாவுக்கு மிளகாய் வந்தது. மாடு கன்று போட்டாலும் சரி, மகள் கனடா போனாலும் சரி, ம் என்பதற்கு மேல் பேசாத மனிதருக்கு! எனக்குக் கம்பளி நூல் வந்தது. அதைப் பார்த்து உன் அப்பாவுக்குக் கஞ்சி புரையேறி இருமி முடிக்க ரொம்ப நேரமாயிற்று. இருமலா சிரிப்பா என்று நான் கேட்கவில்லை. உன் பங்குக்கு ஒன்று எடுத்துவைத்துப் பிரித்துப் பார்த்தோம், உப்பு.

கஞ்சி குடித்த பிறகு மாவுப் பேயை எடுத்தோம். பழைய வருஷத்துப் பீடையெல்லாம் சுமந்துகொண்டு போகிற பேய் அது, அதற்கு உன் பழைய சிவப்புப் பனியனில் ஒரு கிழிசல் சட்டை போட்டிருந்தேன். ஆளுக்கொரு பிடி மாவை எடுத்து வலிக்கிற இடத்திலெல்லாம் தேய்த்து வலியை அதற்குக் கொடுத்துப் பேயின் காலடியில் வைத்தோம். அப்பா முழங்காலில், நான் இடுப்பில். அப்புறம் சுவரிலிருந்து உன் படத்தை இறக்கி அதன் மேலும் தேய்த்தேன். கண்ணாடியில் அந்தப் பிசுக்கு இன்னும் போகவில்லை. படத்தில் உன் கை தெரியவில்லை, தெரிந்திருந்தால் கட்டைவிரலில் இன்னும் அழுத்தித் தேய்த்திருப்பேன். அப்பா ஒரு கையில் தட்டும் மறு கையில் எரிகிற வைக்கோல் கட்டுமாகக் கிளம்பினார், நான் பின்னாலேயே வாசல்வரை வெளியே போ வெளியே போ என்று கத்திக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டுக்காரி வெடி கொளுத்திப் போட்டாள். அவர் எப்போதும் போகிற நாற்சந்திக்குப் போய் எப்போதும் வீசுகிற மூலையில் வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார். வீசியவன் திரும்பிப் பார்த்தால் பேயும் கூடவே வந்துவிடும் அல்லவா. அந்தச் சாஸ்திரத்தை நீ பெங்களூர் விமான நிலையத்தில் மிகச் சரியாகக் கடைப்பிடித்தாய், அது எனக்கு நினைவிருக்கிறது.

வந்த வினை என்னவென்றால் நாற்சந்தி இருந்த இடத்திலேயே இருக்கிறது, மூலைதான் மாறிவிட்டது. ரோட்டை அகலப்படுத்தினார்களே, அதில் அந்த மூலையில் புட்டம்மாவின் மகன் சித்தராஜு பஞ்சர் கடை கட்டியிருந்தான். புட்டம்மா யாரென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவள் ஊற்றின பசும்பாலில்தான் நீ வளர்ந்தாய், அவள் வாயில்தான் நான் கன்னடம் படித்தேன், அதனால்தான் என் கன்னடத்தில் பாதி வசவு. மறுநாள் காலையில் கடை திறப்பு விழா. வாசலில் வாழைமரம், தோரணம், அவன் கூலிங்கிளாஸ் போட்டுக் கைகூப்பி நிற்கிற ஆளுயரப் பேனர். கரண்டும் இல்லை, வைக்கோல் புகை வேறு, அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. பேய் ஷட்டரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது, வைக்கோல் கட்டு பேனர் மேல் விழுந்தது. காலையில் பூசாரியோடு வந்து பார்த்தால் வாழைமரம் வாடிக் கருகிக் கிடக்கிறது, பேனரில் சித்தராஜுவின் முகத்தில் பாதி மீசை பொசுங்கி ஒரு கண் ஓட்டையாகியிருக்கிறது, ஷட்டரில் சாய்ந்து சிவப்புச் சட்டை போட்ட பூதம் ஒன்று ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. நீ அவன் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்? படம் போட்டு அழுதிருப்பாய். அவன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கேம்ப் வாசலுக்கு வந்தான். அவன் கோபம் நியாயமான கோபம், இதை முதலில் எழுதிவைக்கிறேன்.

“எவன்டா என் கடைக்கு சூனியம் வெச்சது? வெளிய வாங்கடா!” என்று அவன் கத்தினது பால் பண்ணை வரைக்கும் கேட்டது. நாங்கள் எல்லோரும் ஓடினோம், அதாவது எங்களால் முடிந்த வேகத்தில் போனோம். க்யுர்மே கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே முன்னால் வந்து, இரண்டு சமூகத்துக்கும் உள்ள பழம்பெரும் நட்பு என்று ஆரம்பித்தார். பேச்சு அவருக்கு ஜெனீவாவில் நன்றாக வந்திருக்கலாம். இங்கே பின்னாலிருந்து ஒருத்தன், “நட்பு இருக்கட்டும்யா, மீசைக்குப் பதில் சொல்லு” என்றான். அப்போது உன் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், நான்தான் போட்டேன் என்பதுபோல் நெஞ்சில் கைவைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பயமும் மரியாதையும் சேர்ந்து வந்தால் அந்தக் காலத்து மலைக்காரர்கள் செய்கிற மாதிரி தலையைக் குனிந்து, உச்சந்தலையைச் சொறிந்து, நாக்கை நீட்டினார். அவர் அப்பா அதிகாரிகளைப் பார்த்தால் நாக்கை நீட்டிப் பழகியவர், இவருக்கும் ரத்தத்தில் ஊறிவிட்டது. ஆயுசு முழுக்க வாய் திறக்காத மனிதர் திறந்தது அன்றைக்கு ஒரு நாள், அதிலும் நாக்கை மட்டும் வெளியே விட்டார்.

“பாத்தீங்களாடா, பழிப்புக் காட்டுறான்யா கெழவன்!” என்று கூட்டம் பொங்கிவிட்டது. ஒருத்தன் அப்பாவின் தோளைப் பிடித்துத் தள்ளினான், தள்ளினான் என்றால் விழவில்லை, ஓரடி பின்வாங்கினார். அவன் சித்தராஜு இல்லை, குஷால்நகரிலிருந்து வந்திருந்த யாரோ வாட்டசாட்டமான பையன். அவன்தான் சொன்னான், “விருந்தாளியா வந்தவங்க விருந்தாளியா இருங்க. எங்க ஊர்ல வந்து எங்களுக்கே பேய் வெக்கிறீங்களா?” என்று. அதோடு என் பொறுமை போயிற்று. “விருந்தாளியா? வாடா இங்க. எந்த ஊர்லடா விருந்தாளி காட்டை வெட்டி, யானைய வெரட்டி, சோளம் வெதைச்சான்? வந்த விருந்தாளிக்கு நீ ஒரு வாய் காப்பி குடுத்திருக்கியா ஒரு நாளாவது? நீ பொறந்த கவர்மெண்டு ஆஸ்பத்திரியிலதான்டா நானும் பொறந்தேன், உனக்கு முன்னாடியே பொறந்தேன். அப்ப யாருடா விருந்தாளி?” என்றேன். இதில் நான் சேர்த்த வசவுகளை விட்டுவிட்டேன், அவை புட்டம்மாவின் சொத்து.

அவன் நகர்ந்து இன்னொருத்தன் முதுகுக்குப் பின்னால் போனான். காற்று என் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்ததும் சித்தராஜு பக்கம் திரும்பினேன். “ஏண்டா சித்தராஜு, போன ஆயுத பூஜைக்கு உன் மச்சான் நடுரோட்டுல பூசணிக்கா ஒடைச்சானே, அது என்னடா? திருஷ்டிதானே கழிச்சீங்க? அதுல எங்க லாமா ஸ்கூட்டர் வழுக்கி விழுந்து காலொடிஞ்சு படுத்தாரு. நாங்க கூட்டம் சேத்துக்கிட்டு உன் வீட்டு வாசலுக்கு வந்தமா?” என்றேன். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். சித்தராஜுவே தலையைச் சொறிந்தான். அங்கே நிறுத்தியிருந்தால் வெற்றி. ஆனால் காலொடிந்த லாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு கூட்டத்திலேயே நின்றிருந்தார், பொய் சொல்லக் கூடாதென்று விரதம் எடுத்தவர் வேறு. “நொர்ஸோம்-லா, பூசணிக்கா மேல தப்பில்ல. என் வண்டியில பிரேக் பிடிக்கல” என்றார், என் பெயருக்கு மரியாதையாக ஒரு லாவும் சேர்த்து. நான் வாதாடிக்கொண்டிருக்கும்போதே என் சாட்சி எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கூட்டமே சிரித்தது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தச் சிரிப்புக்கு நடுவே புட்டம்மா வந்து சேர்ந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மகனைப் பார்த்துக் கத்தினாள். “எதுக்குடா இந்தக் கூத்து? வருஷா வருஷம் அந்த மூலையில இவங்க மாவு பொம்மை போடுவாங்க. நான்தானே மறுநாள் கருக்கல்ல எடுத்து மாட்டுக்குப் போடுவேன். நல்ல மாவுடா அது. இந்த வருஷம் மூட்டு வலின்னு லேட்டாயிருச்சு, அதுக்குள்ள நீ ஊரைக் கூட்டிட்ட” என்றாள். யோசித்துப் பார், செல்தோன். கேம்பில் உள்ள அத்தனை பேரின் காய்ச்சலும் கடனும் மாமியார் கொடுமையும் அந்த மாவில்தான் ஏற்றி வீசுகிறோம். அதைப் புட்டம்மாவின் பசு தின்றிருக்கிறது. அந்தப் பாலை வாங்கி வெண்ணெய் கடைந்து உப்புப் போட்டு நாங்களே டீயாகக் குடித்திருக்கிறோம். சாயங்காலம் துரத்தின பீடை எல்லாம் காலை டீயில் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. இந்தக் கேம்ப் ஏன் இப்படி இருக்கிறது என்று க்யுர்மே கூட்டம் போட்டுப் போட்டுப் பேசினாரே, காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், இரண்டு வேளையும் கிண்ணம் கிண்ணமாகக் குடிப்பவர்.

அதற்கு மேல் யாராலும் கோபமாக இருக்க முடியவில்லை. அப்பா துடைப்பம் எடுத்துப் போய்க் கடை வாசலை அவரே கூட்டிச் சாணி தெளித்தார், யாரும் சொல்லவில்லை. லாமா ஷட்டருக்கு முன்னால் உட்கார்ந்து மணியடித்து மந்திரம் ஓதினார், பூசாரி கற்பூரம் காட்டினார், சித்தராஜு பூசணிக்காய் உடைத்தான். லாமா மட்டும் எழுந்து இரண்டு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். முதல் வியாபாரமாக நம் பழைய ஸ்கூட்டருக்கு டியூப் ஒட்டினான், காசு வாங்கவில்லை, அப்பா அதை அவன் டூல் பெட்டி மேல் வைத்துவிட்டு வந்தார். க்யுர்மே புதுப் பேனர் தன் பொறுப்பு என்றார். வந்த பேனரில் சித்தராஜு ஓரமாக ஸ்டாம்பு அளவில் இருக்கிறான், நடுவில் கோட்டோடு க்யுர்மே கைகுலுக்குகிறார், கீழே நல்லிணக்கம் என்று எழுதியிருக்கிறது, பஞ்சர் என்ற வார்த்தையே இல்லை. அதைப் பார்த்து யாரும் டயரைத் தள்ளிக்கொண்டு வரமாட்டார்கள், மனு எழுதிக்கொண்டு வருவார்கள். எப்படியோ, அன்றைக்கு மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. நான் வீட்டுக்கு வந்து பலகாரம் அடுக்கினேன்.

முடிந்ததை மறுபடியும் ஆரம்பித்துவைத்தவள் என் வயிற்றில் பிறந்தவள். கேம்ப் வாசல் சண்டையை க்யுர்மேயின் மனைவி போனில் எடுத்த படம் உனக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, இந்தக் காலத்தில் எல்லாம் எல்லோருக்கும் வருகிறது. அதில் உன் அப்பா நாக்கை நீட்டுகிறார், ஒருத்தன் தள்ளுகிறான், அவ்வளவுதான் இருக்கிறது. பூசணிக்காயும் இல்லை, பசுவும் இல்லை. சிரிப்பதற்கு முன்னால் படம் நின்றுவிட்டது. அதைப் போட்டு, புது வருஷத்தன்று என் பெற்றோர் தாக்கப்பட்டார்கள், அவர்களுக்கு இந்த மண்ணில் பாதுகாப்பில்லை என்று எழுதினாயே, எழுதுமுன் ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டாயா? முகம் தெரியாத ஆயிரம் பேர் கைகூப்பினார்கள். ஸூரிக்கிலிருந்து உன் சித்தி கூப்பிட்டு எனக்கு எத்தனை தையல் என்று கேட்டாள். லோசர் முதல் நாள் காலை, பிரசாதப் பெட்டியிலிருந்து மாவுச் சிட்டிகை எடுத்து மூன்று தடவை தூவி வாழ்த்துச் சொல்ல வேண்டிய நேரத்தில், நான் டெல்லியிலிருந்து பேசிய ஒரு பத்திரிகைக்காரனுக்கு என் தலை உடையவில்லை என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு அது பெரிய ஏமாற்றம்.

இரண்டாம் நாள் முற்றத்தில் வட்டமாக நின்று ஆடிக்கொண்டிருந்தோம். ஆட்டம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே, ஒரு சுற்று முடிய ஒரு டம்ளர் சாங் கள் குடித்து முடிக்கிற நேரமாகிறது. அப்போது புட்டம்மா வந்தாள். அவள் கத்திக்கொண்டு வந்திருந்தால் எனக்குப் பதில் இருந்தது. அவள் கத்தவில்லை. படியில் உட்கார்ந்து, “நொர்சம்மா, உன் மவ போன்ல எழுதிருக்காளாமே, என் மவன் உன் புருஷன அடிச்சான்னு. அடிச்சானா?” என்று கேட்டாள். மேலிருந்து யாரோ கேட்டுவிட்டார்களாம், ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து சித்தராஜுவைக் கூட்டிப் போய்விட்டார்களாம். திறந்து இரண்டே நாளில் கடைக்குப் பூட்டு. நான் என்ன சொல்வேன், சொல். “இல்ல புட்டம்மா, என் மவளுக்குத் தெரியாது” என்றேன். அவள், “உனக்குத் தெரியுமில்ல?” என்றாள். அந்தக் கேள்வியை நீ உட்கார்ந்து யோசி, டிக்கெட் பிறகு போடலாம்.

அப்பாவும் நானும் விழா உடையைக்கூட மாற்றாமல் ஸ்கூட்டரில் ஸ்டேஷனுக்குப் போனோம். சித்தராஜு பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான், எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். இன்ஸ்பெக்டர் நல்லவர்தான், ஆனால் சிக்கலில் இருந்தார். “அம்மா, புகார்னா எழுதணும். எழுதினா ரெண்டு பக்கமும் விசாரிக்கணும். பேனர் எரிச்சது, மாந்திரீகம் அது இதுன்னு இவங்களும் எழுதிக் குடுத்தா, பெரியவர் பதிவுப் புத்தகம் புதுப்பிக்கறது அப்படியே நிக்கும். நான் ஒன்னும் பண்ண முடியாது” என்றார். அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் உன் அப்பா மைசூருக்குக்கூட நிம்மதியாகப் போக முடியாது என்று உனக்குத் தெரியும். நடக்கப் பழகின நாளிலிருந்து இங்கேயே இருக்கிற மனிதர், இன்னும் இருக்கலாமா என்று முத்திரை வாங்கிக்கொண்டே இருக்கிறார். விருந்தாளி என்று அந்தப் பையன் சொன்னதற்கு எனக்குக் கோபம்தான் வந்தது, அவருக்குத்தான் குத்தியது. அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் பேசுவதற்கு வாயைத் திறந்தேன். அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். என் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னை நிறுத்தி நான் நின்றது அன்றைக்குத்தான். நேராக நின்று, நாக்கை உள்ளேயே வைத்துக்கொண்டு, சுத்தமான கன்னடத்தில் பேசினார். “சார், இந்தப் பையன் என்னை அடிக்கல. நான்தான் இவன் மூஞ்சிய எரிச்சேன். இவன் ஏதாவது எழுதிக் குடுத்தா நான் கையெழுத்துப் போடுறேன். என் புத்தகம் நிக்கறதுன்னா நிக்கட்டும், நான் எங்கயும் போறதா இல்ல. ஆனா இவன் கடைய இன்னிக்கே திறக்கணும். புதுக் கடைய மூடி வெச்சா வாடிக்கை போயிரும்” என்றார். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, மூஞ்சி எரிந்த ஆள் முழு மீசையோடு எதிரே உட்கார்ந்திருக்கிறானே. சித்தராஜு திரும்பிப் பார்த்தான். “நான் ஒன்னும் எழுதிக் குடுக்கல சார். பெரியவர்கிட்ட நான் சண்டைக்குப் போனதே தப்பு. ஆனா அந்த அக்கா ஏன் சார் அப்படி எழுதிச்சு? சின்ன வயசுல அது சைக்கிளுக்கு நான்தான் செயின் மாட்டிக் குடுப்பேன்” என்றான். அக்கா என்றது உன்னைத்தான். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். புகார் எழுத எடுத்த வெற்றுத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் எல்லோருக்கும் டீ சொன்னார். பால் டீ. நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டுத்தான் குடித்தோம்.

மூன்றாம் நாள் பிரார்த்தனைக் கொடி மாற்றுகிற நாள். மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கம்பத்தின் உச்சிக்கு ஏற யாருமில்லை. முன்பெல்லாம் நீங்கள் குரங்குகள் மாதிரி ஏறுவீர்கள். க்யுர்மே ஏணி பிடித்துக்கொள்கிறேன் என்று முன்வந்தார், பிடிப்பதற்கு நிறையப் பேர் இருந்தோம். அப்பா ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய் சித்தராஜுவைக் கூட்டிவந்தார். அவன் பாக்குமரம் ஏறினவன், லுங்கியை மடித்துக் கட்டி இரண்டு எட்டில் மேலே போய்விட்டான். நீலமும் வெள்ளையும் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் மாற்றிக் கட்டாமல் வரிசையாகக் கட்டு என்று லாமா கீழேயிருந்து கத்த, “சாமி, ட்ராபிக் சிக்னல் எனக்குத் தெரியாதா, விடுங்க” என்று அவன் மேலேயிருந்து கத்தினான். தப்பாகத்தான் கட்டினான். ஆனால் இதுவரை எவரும் கட்டாத உயரத்தில் கட்டினான், கழற்றச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. புட்டம்மா மோமோவைப் பிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று முகர்ந்து பார்த்துவிட்டு உருளைக்கிழங்கு என்று தெரிந்ததும் ஒரு தட்டு தின்றாள்.

இரண்டு டம்ளர் சாங் உள்ளே போனதும் சித்தராஜு அப்பாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து காதோடு பேசினான், ஆனால் சாங் போட்டவனின் ரகசியம் மாடி முழுக்கக் கேட்டது. “பெரியவரே, அடுத்த வருஷம் அந்தப் பேயைக் கொஞ்சம் தள்ளி, பெட்ரோல் பங்க் பக்கத்துல ஒருத்தன் பஞ்சர் கடை வெச்சிருக்கான், அங்க போட முடியுமா?” என்றான். அப்பா கீழே ஸ்கூட்டர் நிற்கிற பக்கம் எட்டிப் பார்த்தார். “முடியாதுப்பா. உன் ஒட்டு ரெண்டே நாள்ல விட்டுப் போச்சு. நேத்து ராத்திரிலேர்ந்து அவன்கிட்டதான் காத்து பிடிக்கிறேன்” என்றார். புட்டம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சித்தராஜுவும் சிரித்தான், ஆனால் இறங்கிப் போகும்போது ஸ்கூட்டரின் பின் சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான், மறுநாள் ஒழுங்காக ஒட்டிக் கொண்டுவந்து மாட்டினான்.

நீ கேட்டதற்கு இப்போது பதில். நாங்கள் அங்கே வரப்போவதில்லை. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே, கோபத்தில் இருந்தால் இந்தக் கடிதம் இன்னும் நீளமாக இருந்திருக்கும். உன் பக்கத்து வீட்டுக்காரன் பெயர் என்ன என்று போன மாதம் கேட்டதற்குத் தெரியாது என்றாய், லிப்டில் பார்த்தால் சிரிப்போம் என்றாய். அங்கே வந்து நான் யாரோடு சண்டை போடுவது? இங்கே என் வீட்டு வாசலுக்கு ஆள் திரட்டிக்கொண்டு வருகிறவனின் அம்மா எனக்குப் பால் ஊற்றினவள், எனக்கு வசவு சொல்லிக்கொடுத்தவள். எங்களைத் தள்ளவும் ஆள் இருக்கிறது, பிடிக்கவும் ஆள் இருக்கிறது, பல நாட்களில் இரண்டும் ஒரே ஆள்தான். பாதுகாப்பில்லை என்று எழுதினாயே, அது பொய் என்று நான் சொல்லமாட்டேன். முத்திரை வாங்கி வாழ்கிறவர்களுக்கு எங்கேயும் முழுப் பாதுகாப்பு இல்லை. ஆனால் அதைச் சொல்லும் உரிமை இங்கே நின்று ஓரடி பின்வாங்கினவருக்கு உண்டு, அவர் அதைச் சொல்லவில்லை.

நீ போட்டதை எடுத்துவிட்டாய் என்று சித்தி சொன்னாள், நல்லது. எடுத்தால் போதாது. சித்தராஜுவைக் கூப்பிட்டுப் பேசு. எழுதாதே, பேசு. அவன் கத்தினால் கேட்டுக்கொள், அழாதே, அழுதால் அவன் மன்னித்துவிடுவான், அப்புறம் நீ ஒன்றும் கற்றுக்கொள்ளமாட்டாய். வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொள். வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. கப்ஸேயை ஒரே நாளில் தின்றுவிடாமல் அந்தப் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொஞ்சம் கொடுத்து அவன் பெயரைக் கேள்.

புது வருஷத்தில் உனக்கு நோய் வராமல், வேலை போகாமல், மனசு சுருங்காமல் இருக்க மூன்று ரத்தினங்களையும் வேண்டிக்கொள்கிறேன். தலையில் வெண்ணெய் வைக்க நீ பக்கத்தில் இல்லை, வைத்ததாக எண்ணிக்கொள். அப்பாவிடம் ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன், ம் என்றார். என்ன எழுத என்றேன். கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்து, “அவளுக்கு அங்க ஆள் இருக்கான்னு கேளு, தள்ளறதுக்காவது” என்றார்.

இப்படிக்கு,
உன் நாற்றவாய் அம்மா
நொர்ஸோம்